வீட்டுக்குள் வளரும் பூனை தனிமையில் தவிக்காமலிருக்க: முதன்முறை வளர்ப்பவர்களுக்கான வழிகாட்டி

பூனைக்கு ஆள் துணை தேவையில்லை, சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனால் போதும் என்ற நம்பிக்கையில்தான் பலர் பூனை வளர்க்கத் தொடங்குகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. பூனை தனியாக வேட்டையாடும் பிராணி என்பது சரி. ஆனால் வீட்டில் வளரும் பூனை தன்னை வளர்ப்பவரோடு ஆழமாக ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பூனைக்குட்டிகளை 2 நிமிடம் தனியே விட்டுவிட்டு வளர்ப்பவரை மறுபடி அறைக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான குட்டிகள், ஆள் வந்ததும் தெளிந்து, நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின.

ஒட்டுதல் இருக்கும் இடத்தில் பிரிவுத் தவிப்பும் வரும். பிரேசிலில் 2020-இல் 223 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டுச் செய்த ஆய்வில், 30 பூனைகளிடம் பிரிவு தொடர்பான தொல்லைகளின் அறிகுறிகள் தென்பட்டன. விளையாட்டுப் பொருள் எதுவும் இல்லாத வீடு, வேறு பிராணி இல்லாத வீடு, வாரத்தில் 5 முதல் 7 முறை தனியே விடப்படுவது ஆகியவற்றோடு இந்த அறிகுறிகள் சேர்ந்தே காணப்பட்டன. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். பூனையின் பகல் முழுவதும் உங்கள் ஒருவரையே நம்பியிருந்தால், நீங்கள் கதவைச் சாத்தியதும் அதன் பகல் வெறுமையாகிவிடுகிறது. ஏற, ஒளிய, கீற, வேடிக்கை பார்க்க, தேடித் தின்ன என்று நீங்கள் இல்லாத நேரத்துக்கும் அதற்கு வேலை இருக்க வேண்டும். புறப்பாட்டுக்குப் பழக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் நோயா, தவிப்பா என்று பிரித்தறியுங்கள்

பிரிவுத் தவிப்பின் அடையாளங்கள் பெரும்பாலும் இவை: நீங்கள் இல்லாதபோது கட்டிலிலோ உங்கள் துணிமேலோ சிறுநீர் கழிப்பது, விடாமல் கத்துவது, கதவருகே தரையைப் பிறாண்டுவது, வைத்த உணவைத் தொடாமல் இருப்பது, நீங்கள் திரும்பிய பிறகு அவசர அவசரமாகத் தின்று வாந்தியெடுப்பது, வயிற்றையும் தொடையின் உட்புறத்தையும் நக்கி நக்கி முடியே இல்லாமல் ஆக்கிக்கொள்வது. அமெரிக்காவில் 136 பூனைகளின் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்து 2002-இல் வெளியான ஆய்வில், கண்ட இடத்தில் சிறுநீர் கழித்த பூனைகளில் நான்கில் மூன்று வளர்ப்பவரின் கட்டிலை மட்டுமே தேர்ந்தெடுத்திருந்தன. இதைப் பழிவாங்கல் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. உங்கள் வாசனை அடர்ந்திருக்கும் இடத்தில் தன் வாசனையையும் கலந்துவைத்துப் பூனை தன்னைத் தேற்றிக்கொள்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். அடிப்பதாலோ மூக்கை ஈரத்தில் தேய்ப்பதாலோ அதன் பயம்தான் இரட்டிப்பாகும்.

ஆனால் இதே அடையாளங்களை நோயும் காட்டும். கட்டிலில் சிறுநீர் என்றால் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். நக்கி முடி கொட்டினால் தெள்ளுப்பூச்சியோ ஒவ்வாமையோ இருக்கலாம். வயதான பூனை இரவில் ஓலமிட்டால் தைராய்டு மிகைப்பு, உயர் ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று பல காரணங்கள் உண்டு. அதனால் முதல் படி கால்நடை மருத்துவரிடம் ஒரு முழுப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்.

ஒன்றை மட்டும் எப்போதும் நினைவில் வையுங்கள். ஆண் பூனை திரும்பத் திரும்ப லிட்டர் பாக்ஸில், அதாவது மணல் நிரப்பிய கழிப்பறைப் பெட்டியில், போய் உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால், அது மலச்சிக்கலாக இருக்கும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர்க்குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நள்ளிரவாக இருந்தாலும் அப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நோய் இல்லை என்று உறுதியான பிறகு, பழைய கைப்பேசி ஒன்றைக் கதவு தெரியும்படி நிறுத்தி, நீங்கள் போன பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் படம் பிடியுங்கள். தவிக்கும் பூனை பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்: கதவுக்கும் ஜன்னலுக்கும் நடை, நீண்ட கத்தல், எங்கும் படுக்காமை. போனதும் அரைமணி தூங்கி, எழுந்து, சலிப்பில் திரைச்சீலையைக் கிழிக்கும் பூனைக்குப் பிரச்சினை வேறு. அதற்கு வேலை போதவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். ஒரு வாரத்துக்குத் தேதி, போன நேரம், வந்த நேரம், கண்டது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

லிட்டர் பாக்ஸ்: இங்கேதான் அதிகம் தவறுகிறது

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் தேவையான பெட்டிகளின் எண்ணிக்கை. ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. அவற்றை ஒரே மூலையில் அடுத்தடுத்து வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான். வெவ்வேறு இடத்தில் வையுங்கள்.

பெட்டியின் நீளம், பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து அதில் ஒன்றரை மடங்கு. கடையில் பூனைக்கென்று விற்கும் பல பெட்டிகள் வளர்ந்த பூனைக்கு இந்த அளவுக்கு வராது. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தைத் தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புக்காகிதத்தால் தேய்த்து மழுக்கிவிட்டால் அருமையான லிட்டர் பாக்ஸ் கிடைத்துவிடும். குட்டிக்கும் மூட்டுவலி உள்ள கிழப்பூனைக்கும் வாசல் இன்னும் தாழ்வாக, 5 முதல் 8 செ.மீ. இருக்கட்டும். மூடி போட்ட பெட்டி நமக்குத்தான் வசதி. உள்ளே நாற்றம் தங்கும், வெளியே யார் வருகிறார்கள் என்று பூனையால் பார்க்க முடியாது.

மணல் மெல்லியதாக, வாசனை சேர்க்காததாக, நனைந்தால் கட்டி பிடிப்பதாக இருக்கட்டும். ஆழம் 5 முதல் 7 செ.மீ. குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும் என்பதால், இரண்டு மூன்று மாதம் ஆகும்வரை கட்டி பிடிக்காத வகையையே போடுங்கள். கரண்டியால் அள்ளுவது தினம் ஒருமுறையாவது, முடிந்தால் இருமுறை. மாதம் ஒருமுறை முழுதாகக் கொட்டி, வெந்நீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவுங்கள். கடுமையான கிருமிநாசினி வேண்டாம். ஃபினால் வகைப் பொருள்கள் பூனைக்கு விஷம்.

இடம் அமைதியாக, இரண்டு வழியில் வெளியேறக்கூடியதாக இருக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, பூனை உள்ளே இருக்கும் நேரத்தில் இயந்திரம் தடதடவென்று சுழலத் தொடங்கிவிட்டால், அந்தப் பெட்டிப் பக்கமே அது மறுபடி வராமல் போகலாம். உணவுக் கிண்ணத்துக்கு அருகிலும் வைக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மணல் அள்ளும் வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது. பூனையின் மலம் வழியாக, கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா எனும் ஒட்டுண்ணி தொற்றக்கூடும்.

வெளியே சிறுநீர் கழித்த இடத்தை என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தால் நனைய நனைய ஊற்றி, தானாகக் காயவிடுங்கள். அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் பூனையின் மூக்குக்கு அது சிறுநீர் வாடைபோலவே இருந்து, மறுபடி அங்கேயே வர வைக்கும்.

ஏறவும் ஒளியவும் கீறவும்

தரையில் மட்டும் வாழும் பூனைக்கு உங்கள் வீடு பாதி வீடு. சுவரையும் உயரத்தையும் கொடுத்தால்தான் முழுவீடு. சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், பூனை கால்நீட்டிப் படுக்க இடமுள்ள தட்டு ஒன்று, அதற்கு ஏறிப்போகப் படிப்படியாக இரண்டு தட்டு. தட்டின்மேல் வழுக்காத விரிப்பு ஒட்டுங்கள். முதல்முறை குதிக்கும்போது ஆடும் தட்டில் பூனை இரண்டாம்முறை ஏறுவது கடினம். 4 கிலோ பூனை ஓடிவந்து குதிக்கும் வேகத்துக்குத் தாங்குகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டே விடுங்கள்.

ஒளிய ஒரு அட்டைப்பெட்டி போதும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வாசல் வெட்டுங்கள். பூனை உள்ளே இருக்கும்போது யாரும் கைவிட்டு இழுக்கக் கூடாது என்ற விதி குழந்தைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் பொருந்தும்.

கீறும் தூண் வாங்கிவைத்தும் சோபாவைக் கிழிக்கிறதே என்று குறைப்படுபவர்கள், தூண் எவ்வளவு உயரம், எங்கே நிற்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். பூனை பின்னங்காலில் நின்று உடம்பை முழுதாக நீட்டிக் கீறும். அதற்குக் குறைந்தது 80, 90 செ.மீ. உயரம் வேண்டும். அடிப்பாகம் கனமாக, தூண் ஆடாமல் இருக்க வேண்டும். மேலே சைசல் எனும் சொரசொரப்பான நார்க்கயிறு இறுக்கமாகச் சுற்றியிருக்கட்டும். தூங்கி எழுந்ததும் கீறுவது பூனையின் வழக்கம், நீங்கள் வீட்டுக்குள் வரும்போது கீறுவதும் அப்படித்தான். ஆகவே ஒரு தூண் படுக்கும் இடத்தருகே, ஒன்று வாசலறையில். பாத விரல்களுக்கிடையே வாசனைச் சுரப்பிகள் இருப்பதால், கீறிய இடம் ‘இது என் வீடு’ என்று பூனைக்குச் சொல்கிறது. நீங்கள் இல்லாத நேரத்தில் அந்த வாசனைக்கு மதிப்பு அதிகம். நைந்துபோன தூணை அசிங்கம் என்று உடனே தூக்கிப் போடாதீர்கள். புதியதைப் பக்கத்தில் சில வாரம் நிறுத்திவிட்டுப் பிறகு பழையதை எடுங்கள்.

ஜன்னல் பூனையின் தொலைக்காட்சி. முன்னால் அகலமான பலகை ஒன்றும் உறுதியான வலையும் வேண்டும். கொசுவலைத் துணியைப் பூனை நகத்தால் கிழித்துவிடும், உலோக வலையே சரி. உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்று நம்பி மாடி ஜன்னலைத் திறந்துவைக்காதீர்கள். மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்தும் நெஞ்சில் அடிபட்டும் வரும் பூனைகளை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தெருப்பூனை வந்து நின்று உங்கள் பூனை வாலைப் புசுபுசுவென்று ஊதிக்கொண்டு உறுமினால், கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மங்கலான தாள் ஒட்டிவிடுங்கள். அந்தப் பயத்தைத் தனிமைத் தவிப்பு என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

வீட்டைப் பூட்டிப் போகுமுன் எடுத்துவைக்க வேண்டியவை

லில்லி மலர் வீட்டுக்குள்ளேயே கூடாது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். சைகஸ் எனும் அலங்காரச் செடியும் அப்படியே விஷம். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். வெங்காயம், பூண்டு ரத்த அணுக்களைச் சிதைக்கும். நாய்க்கான தெள்ளுமருந்தில் பெர்மெத்ரின் எனும் பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். நூல், தையல் ஊசி, ரப்பர் பேண்ட், ரிப்பன் எல்லாம் மூடியுள்ள பெட்டிக்குள் போக வேண்டும். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் போங்கள். துவைக்கும் இயந்திரத்தின் கதவை மூடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

விளையாட்டு என்பது வேட்டை

பூனைக்கு விளையாட்டு, வேட்டையின் ஒத்திகை. பதுங்குதல், துரத்துதல், பாய்தல், கவ்வுதல், தின்னுதல் என்ற வரிசை முழுமையாக முடிந்தால்தான் அது நிறைவாகத் தூங்கும். இறகு கட்டிய குச்சியை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டுபவர்கள், சில நொடிகளில் பூனை திரும்பிப் படுத்துக்கொள்வதைப் பார்த்து இதற்கு விளையாடத் தெரியவில்லை என்கிறார்கள். எந்த இரையும் பூனையின் வாயைத் தேடி வருவதில்லை.

இறகைத் தரையோடு தரையாக, பூனையிடமிருந்து விலகும் திசையில் இழுங்கள். சோபாவின் ஓரத்தில் பாதி மறைத்து நிறுத்துங்கள். இப்போது கையை அசைக்காதீர்கள். பூனையின் காதுகள் முன்னே குவியும், கண்மணி விரியும், பின்பக்கம் மெல்ல இடமும் வலமும் ஆடும். அந்த நேரத்தில் இறகை ஒரு விரற்கடை அளவு மட்டும் நகர்த்துங்கள். பாயும். மூன்று நான்கு பாய்ச்சலுக்கு ஒருமுறை பிடிபட விடுங்கள். கவ்வி, பின்னங்காலால் உதைக்கும்வரை குச்சியைத் தளர்த்திப் பிடித்திருங்கள்.

ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. கடைசி இரண்டு நிமிடத்தில் இறகின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியாகப் பிடிபட வைத்து, உடனே சாப்பாடு வையுங்கள். தின்றதும் முகம் துடைக்கும், பிறகு தூங்கும். வேலைக்குப் போகுமுன் இந்த ஒரு சுற்றை முடித்துவிட்டுப் போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே அதிகப் பலன் தரும் வேலை. லேசர் ஒளியை வைத்து விளையாடினால் கவ்வ ஒன்றும் இருக்காது. பழக்கமாகிவிட்டால் சில பூனைகள் நிழலையும் வெளிச்சத்தையும் தேடித் தேடி அலையும். ஆகவே லேசரைக் கடைசியில் ஒரு துணி எலிமேல் கொண்டுபோய் நிறுத்துங்கள், அல்லது லேசரே வேண்டாம். வெறுங்கையை ஆட்டி விளையாடவும் கூடாது. இன்று குட்டி மெல்லக் கடிக்கும் விரலை நாளை வளர்ந்த பூனை பதம்பார்க்கும். குச்சி, கயிறு எல்லாவற்றையும் முடிந்ததும் அலமாரிக்குள் பூட்டுங்கள்.

பொம்மைகள் பத்து இருந்தால் வெளியே மூன்று போதும். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒளித்துவைத்துத் திரும்பி வரும் பொம்மை பூனைக்குப் புதுப்பொம்மைதான். கேட்னிப் எனும் செடியின் இலைத்தூளுக்கு எல்லாப் பூனையும் மயங்காது. சுமார் மூன்றில் ஒரு பங்குப் பூனைகளுக்கு அது வெறும் தூசிதான்.

சாப்பாட்டைத் தேட வையுங்கள்

சுதந்திரமாகத் திரியும் பூனை ஒரு நாளில் சிறுசிறு இரைகளாகப் பத்துக்கும் மேற்பட்ட முறை தின்னும். நாம் காலை ஒரு கிண்ணம், இரவு ஒரு கிண்ணம் என்று முடித்துவிடுகிறோம். நாள் அளவை நான்கைந்து பகுதியாகப் பிரித்து, அதில் உலர் உணவுப் பகுதியைத் தேடும்படி வைத்துவிட்டால் தனிமை நேரத்தில் கணிசமான பங்கு நிரம்பிவிடும். அளவு தெரிந்துகொள்ள உணவுப் பொட்டலத்தின் அட்டவணையிலிருந்து தொடங்கி, சமையல் தராசில் எடைபோட்டே வையுங்கள். கண் அளவு எப்போதும் ஏமாற்றும், உள்ளேயே இருக்கும் பூனை விரைவில் பருத்துவிடும்.

தொடங்க எளிய பொம்மை: டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழல் ஒன்று. இரு பக்கத்தையும் மடித்து மூடி, உணவுத்துண்டு எளிதில் விழுமளவு மூன்று நான்கு ஓட்டை போடுங்கள். முதல்நாள் ஓட்டைகள் பெரிதாகவே இருக்கட்டும், பூனையின் கண்ணெதிரே உருட்டிக் காட்டுங்கள். சுலபமாக வெல்லத் தொடங்கியதும் சிறிய ஓட்டையுள்ள புதுக்குழல். பிறகு முட்டை அட்டை, கோப்பைகள் ஒட்டிய பலகை என்று ஏற்றுங்கள். புதிதாகத் தொடங்கும்போதே கடினமான பொம்மையைக் கொடுத்தால் பூனை கைவிட்டுவிடும். பட்டினியும் சேர்ந்துகொண்டால் தவிப்பு கூடும். எந்தப் பூனையையும் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். ஒரு நாளைக்கு மேல் முற்றிலும் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு தேங்கும் ஆபத்து உண்டு.

தண்ணீர்க் கிண்ணம் மீசை இடிக்காத அகலத்தில், உணவுக்கு ஒரு மீட்டராவது தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். ஈர உணவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால், சிறுநீர்த் தொல்லையுள்ள பூனைக்கு அது நல்லது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு கலங்கும்.

புறப்பாட்டுக்குப் பழக்குதல்

வீடு சரியாகி, விளையாட்டும் உணவும் ஒழுங்குக்கு வந்து இரண்டு வாரம் கழித்து இதைத் தொடங்குங்கள். பல பூனைகளுக்கு அதற்குள்ளேயே பாதி சரியாகியிருக்கும்.

1. சாவிச் சத்தம், பை, காலணி, கதவுத் தாழ்ப்பாள் என்று நீங்கள் புறப்படுவதற்கு முன் வரும் அடையாளங்களை எழுதிக்கொள்ளுங்கள். எதைக் கேட்டதும் பூனை காலைச் சுற்றி வருகிறது, எதற்கு முகம் மாறுகிறது என்று பாருங்கள்.

2. அந்த அடையாளங்களை வெறுமையாக்குங்கள். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு உட்கார்ந்து புத்தகம் படியுங்கள். காலணி போட்டுக்கொண்டு சமையல் செய்யுங்கள். நாளுக்கு நாலைந்து முறை. சாவிச் சத்தத்துக்குப் பூனையின் காது திரும்பினாலும் தலை தூக்காமல் தூக்கம் தொடரும் நாள் வரும். அதுவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. வீட்டுக்குள்ளேயே ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி 5 நொடியில் திறங்கள். பிறகு 15, 30 நொடி.

4. வாசல் கதவு. 30 நொடி, 1 நிமிடம், 2, 5. ஏறுமுகமாகவே போகாமல் 5 நிமிடத்துக்குப் பின் ஒன்று, பிறகு 7, பிறகு 3 என்று கலந்து செய்யுங்கள். எப்போதும் நீண்டுகொண்டே போனால் பூனை அதையே கற்றுக்கொள்ளும்.

5. பிறகு 10, 20, 40 நிமிடம். இந்தக் கட்டம்தான் மெதுவாக நகரும். ஒரு மணி நேரத்தை அமைதியாகத் தாண்டிய பூனைக்கு இரண்டு, நான்கு மணி நேரம் பெரும்பாலும் எளிதாகவே வந்துவிடும்.

மூன்றாம் படியிலிருந்து, பூனைக்கு மிகவும் பிடித்த ட்ரீட் அடைத்த பொம்மை ஒன்றைப் புறப்படுமுன் வையுங்கள். இது பயிற்சிப் புறப்பாட்டுக்கு மட்டும் வெளியே வர வேண்டும், நீங்கள் திரும்பியதும் எடுத்துவைக்க வேண்டும். இந்தப் பொம்மை வெப்பமானிபோல வேலை செய்யும். தின்று முடித்திருந்தால் அந்த நேர அளவு பூனைக்குத் தாங்குகிறது. தொடாமல் விட்டிருந்தால் பயந்திருக்கிறது, இரண்டு படி கீழே இறங்குங்கள்.

பயிற்சிக் காலத்திலும் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும் என்பீர்கள். அந்த நீண்ட புறப்பாட்டின்போது பயிற்சிப் பொம்மையை வைக்காதீர்கள், முடிந்தால் வேறு பையை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டும் வேறு வேறு என்று பூனைக்குத் தெரிந்தால் பயிற்சி வீணாகாது. நடுப்பகலில் பூனைக்குப் பழக்கமான ஒருவர் வந்து 20 நிமிடம் விளையாடிப் போனால் இன்னும் நல்லது.

புறப்படும்போது கட்டியணைத்து, மன்னிப்புக் கேட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே போகாதீர்கள். அந்தக் கலக்கம் பூனைக்குத் தொற்றும். திரும்பி வந்ததும் பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தால் மெதுவாகக் குனிந்து விரலை நீட்டுங்கள், முகர்ந்து கன்னத்தை உரசட்டும். முகர்ந்து பார்க்காமலே விலகினால் விட்டுவிடுங்கள். கண்ணை மெல்ல மூடித் திறந்து பாருங்கள். பூனைகள் இந்த மெதுவான கண் சிமிட்டலுக்குப் பதில் சிமிட்டுவதையும், அப்படிச் சிமிட்டும் மனிதரிடம் நெருங்கி வருவதையும் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2020-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

தடுமாறும் இடங்கள்

இன்னொரு பூனை வாங்கிவந்தால் துணையாகிவிடும் என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. உங்களுக்காகத் தவிக்கும் பூனைக்கு முன்பின் தெரியாத பூனை ஆறுதலாகாது. பலமுறை இரண்டு பூனைகளுக்கும் தொல்லைதான் மிஞ்சும். இரண்டாவது பூனை உங்களுக்கே வேண்டும் என்றால் வளருங்கள். தனி அறையில் வைத்து, முதலில் துணிவழியே வாசனையைப் பரிமாறி, மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு வைத்துப் பழக்கி, பல வாரங்களில் சேர்த்துவையுங்கள்.

அதிகாலை நான்கு மணிக்குக் கத்தி எழுப்பினால் எழுந்துபோய் உணவு வைப்பவர்கள், கத்தினால் சாப்பாடு என்று கற்றுக்கொடுக்கிறார்கள். நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணத்தை அந்த நேரத்துக்கு வையுங்கள். கண்டுகொள்ளாமல் விடத் தொடங்கியதும் முதல் சில நாள் கத்தல் இன்னும் கூடும். நடுவில் ஒருநாள் இரங்கி எழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பூனையை அமைதிப்படுத்தும் ஃபெரமோன் எனும் வாசனைப்பொருளை வெளியிடும், மின்செருகியில் மாட்டும் சாதனம் சில பூனைகளுக்கு உதவுகிறது, சிலவற்றுக்கு ஒன்றும் செய்வதில்லை. பூனை அதிக நேரம் இருக்கும் அறையில், சோபாவுக்குப் பின்னால் மறைக்காமல் மாட்டி ஒரு மாதம் பாருங்கள். அழுக்கு லிட்டர் பாக்ஸையும் வெறும் பகலையும் அது சரிசெய்யாது. இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் பூனை உணவைத் தொடாமல் கத்திக்கொண்டே இருந்தாலோ, நக்கி நக்கித் தோலைப் புண்ணாக்கினாலோ, நீங்கள் எடுத்த வீடியோவையும் குறிப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள். பதற்றத்தைக் குறைக்கும் ஃபுளூஆக்செடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளை அவர் பரிந்துரைக்கலாம். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மனிதர்களுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

சில நாள் ஊரில் இல்லாதபோது

பெரும்பாலான பூனைகளுக்குப் புது இடத்தைவிடத் தன் வீடே மேல். ஒருவர் காலையும் மாலையும் வந்து, ஒவ்வொரு முறையும் அரைமணியாவது இருந்து போவது நல்ல ஏற்பாடு. அவர் நீங்கள் போகும் முன்பே இரண்டு மூன்று முறை வந்து, உங்கள் முன்னால் தன் கையால் ட்ரீட் கொடுத்திருக்க வேண்டும். உணவின் எடை, மருந்து, மருத்துவரின் எண், பூனை ஒளியும் இடங்கள், இறகுக் குச்சி இருக்கும் அலமாரி எல்லாவற்றையும் எழுதிவைத்துப் போங்கள். வரும்போதெல்லாம் பூனையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கிண்ணம் காலியாக இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாது.

படுக்கை விரிப்பைத் துவைக்காமல் விடுங்கள். இரண்டு நாள் உடுத்திய சட்டை ஒன்றைப் பூனை படுக்குமிடத்தில் போட்டுவிட்டுப் போங்கள். மணலின் வகையையும் உணவையும் அந்த வாரத்தில் மாற்றாதீர்கள். நீங்கள் திரும்பி வந்ததும் பூனை சில மணி நேரம் ஏறிட்டுப் பார்க்காமல் இருக்கலாம், அல்லது அறை அறையாகப் பின்னாலேயே வரலாம். தூக்கிக் கொஞ்சாமல், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, வழக்கமான நேரத்துக்கு இறகுக் குச்சியை எடுங்கள்.